ஏழாயிரமும் சத்தமில்லாத வண்டியும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டிலும் லிஃப்ட் சான்றிதழ்களின் அடியிலும் மட்டும்தான் அது புழங்கியது. மற்றபடி அலுவலகம் முழுக்க அவர் ஏழாயிரம். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. யாராவது தெரியாத்தனமாக அவரிடம் கார் பற்றிப் பேச்செடுத்துவிட்டால் போதும், "ஏழாயிரம் வரைக்கும் இழுக்கணும் சார். அதுக்கு முன்னாடி கியர் மாத்தறவன், பந்தி முடியறதுக்குள்ள கை கழுவறவன்" என்று ஆரம்பித்துவிடுவார். ஏழாயிரம் என்பது இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் கணக்கு. மீட்டரில் சிவப்புக் கோடு தொடங்குகிற இடம். அவருடைய இரண்டு கதவுப் பெட்ரோல் கார் அந்த இடத்தைத் தொடும்போது ஒரு சத்தம் போடும் பாருங்கள், கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிடும்.

வேலை, லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய், இந்த லிஃப்டில் மனுஷன் ஏறலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு அவருக்கென்று ஒரு சோதனை உண்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து லிஃப்டின் தரையில் விளிம்பில் நிற்க வைப்பார். கிளம்பி, ஏறி, நிற்கும் வரை நாணயம் விழக் கூடாது. விழுந்தால், "மோட்டார் உதறுது. பழசைக் கட்டிக்கிட்டு அழாதீங்க, மாத்துங்க" என்று கட்டடக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, இருபத்திரண்டு வருடப் பழைய காரை உறுமவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஊருக்குத்தான் உபதேசம்.

வீடு என்று எதைச் சொல்வது. நான்கு குடித்தனம் இருக்கக்கூடிய கட்டடம். மாடியில் அவருடைய இரண்டு அறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளிநாடு போய் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கீழே ஒரு பக்கம் மருந்துக் கம்பெனி ஒன்று அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். ஆக, மூச்சு விடுகிறவர்கள் என்று பார்த்தால் இரண்டே பேர். பதினோரு வருடத்தில் அந்த டீச்சரோடு பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். தண்ணீர் வரவில்லை, வந்துவிட்டது, மோட்டாரை நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான்.

பதினோரு வருடத்துக்கு முன்பு அவருக்கும் ஒரு மனைவி இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் மலைப்பாதைக்குக் கார் ஓட்டப் போயிருந்தபோது, அந்த அம்மா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு இவர் திரும்பும் வரை காத்திருந்தார். சொல்லாமல் போகிற ஆள் இல்லை. "நீங்க அந்த வண்டியோடவே குடும்பம் நடத்துங்க. அதுக்குத்தான் உங்க மனசு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தான் என்று ஏழாயிரமே ஒப்புக்கொள்வார், ஆனால் கேட்பதற்கு ஆள் வேண்டுமே. மகள் படித்து, கல்யாணமாகி, கடல் தாண்டிப் போய்விட்டாள். இவர் இந்த மாடிக்குக் குடிவந்தார். பழக்கதோஷத்தில் முதல் ஒரு மாதம், சாயங்காலம் கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பிறகு விட்டுவிட்டார். சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும்.

இருந்த ஒரே சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமைதான். விடிந்தும் விடியாததுமாக ஊருக்கு வெளியே அந்த மலைப்பாதைக்குப் போவார். இருபத்து மூன்று வளைவு. எதிரே யாரும் வராத நேரம். தன் பக்கத்துக் கோட்டை ஒருநாளும் தாண்ட மாட்டார், அதில் நேர்மையானவர். ஆனால் அந்தக் கோட்டுக்குள் என்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்வார். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கி, வளைவுக்குள் திருப்பி, வெளியே வரும்போது ஏழாயிரம் வரை இழுத்து... உச்சிக்குப் போய்ச் சேர அவருடைய மிகச் சிறந்த நேரம் பதினான்கு நிமிடம் பத்து விநாடி. கண் கூசாமல் இருக்க மடக்கி இறக்கும் பலகையின் பின்புறம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். உச்சியில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு ஃபிளாஸ்கிலிருந்து காபி குடிப்பார். சூடு இறங்குகிற இன்ஜின் டிக், டிக் என்று விட்டுவிட்டுச் சத்தம் போடும். அது அவருக்குப் பேச்சுத் துணை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருநாள் ஆபத்து வந்தது. வந்தது முட்டியின் வழியாக.

"இடது முட்டி தேஞ்சு போச்சு," என்றார் டாக்டர், படத்தை விளக்குக்கு நேரே பிடித்தபடி. "லிஃப்ட்லயே போய்ட்டு வர்ற மனுஷனுக்கு எப்படி இவ்வளவு தேயும்னு நானும் யோசிச்சேன். கார்ல கிளட்ச் எவ்வளவு கெட்டி?"

"கொஞ்சம் கெட்டிதான். ரேஸ் வண்டிக்குப் போடற கிளட்ச், நானே மாத்தினேன்."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. அதை விட்டுடுங்க. விடலைன்னா ஒரு வருஷத்துல ஆபரேஷன். அதுக்கப்புறம் ஏணி ஏறி மெஷின் ரூமுக்குப் போறதெல்லாம் மறந்துடணும்."

முட்டிக்கு ஒரு உறையும், மெத்தென்ற ரப்பர் அடியுள்ள ஒரு ஜோடி ஷூவும் எழுதிக் கொடுத்தார். ஏழாயிரம் ஷூவைப் போட்டு நடந்து பார்த்தார். பூனை நடக்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து துணி உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தார். கிளட்ச் இல்லாத பெட்ரோல் வண்டி அவருக்கு ஆகாது. தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி அடுத்தவர் கை பிடித்து எழுதித் தரும் கையெழுத்து என்பது அவர் கட்சி. மிச்சம் இருப்பது மின்சாரக் கார். அதை இதுவரை "சக்கரம் வைத்த மிக்ஸி" என்று கேலி செய்துகொண்டிருந்தவர். யானைக்கும் அடி சறுக்கும், என்ன செய்வது. ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது, பிடித்தால் வாங்குவது, பிடிக்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடுவதையே அடியோடு விட்டுவிட்டுப் பஸ்ஸில் போவது என்று முடிவுகட்டினார். ஒப்புக்கு ஓட்டுவதைவிட ஓட்டாமலே இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

ஷோரூமில் இருந்த பெண் கெட்டிக்காரி. ஆனால் ஆள் தெரியாமல் திரையைக் காட்டினாள், பாட்டைக் காட்டினாள், ஏழு நிறத்தில் எரியும் விளக்கைக் காட்டினாள்.

"ஏம்மா, இது வண்டியா வரவேற்பறையா?" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "சார், இன்ஜின் சத்தம் கூட இருக்கு. வேணும்னா ஸ்பீக்கர்ல வரும், கேளுங்க." ஒரு பொத்தானை அழுத்தினாள். உள்ளே இருந்த ஒலிபெருக்கிகள் உறுமின.

"நிறுத்தும்மா. பல் செட்டு மாட்டிக்கிட்டு முறுக்கு கடிக்கற மாதிரி இருக்கு."

"அப்போ நேரா ரோட்டுக்கே போயிடலாம் சார். கொஞ்சம் அழுத்திப் பாருங்க."

ஆள் இல்லாத நேர்ச்சாலையில், வண்டியை முழுக்க நிறுத்திவிட்டு, அழுத்தினார். அடுத்த கணம் அவருடைய தலை பின்னால் இருந்த பஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. மூக்குக் கண்ணாடிக் கூடு பின்சீட்டுக்குப் பறந்தது. கியர் இல்லை, காத்திருப்பு இல்லை, ஏழாயிரத்துக்கு ஏறிப் போகும் படிக்கட்டே இல்லை. நின்ற இடத்திலிருந்து முழு பலமும் ஒரே இழுப்பில். அவருக்குத் தெரியாததா இது? முப்பது வருடமாகச் சோறு போடுவதே மின்சார மோட்டார்தான். தெரிந்த விஷயத்தை முதுகு புரிந்துகொள்ள இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

"சார், ஓகேவா? முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே."

"இன்னொரு தடவை," என்றார்.

திங்கட்கிழமை பழைய காரை மதிப்புப் போட ஷோரூமிலேயே விட்டுவிட்டு, மின்சாரக் காரை ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார். வரும் திங்கள் சாயங்காலம் திருப்பிக் கொடுத்து, வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

பெரிய ரோட்டிலிருந்து ரொட்டிக் கடை முக்கில் திரும்பினால் அவருடைய தெரு. குறுகல், அதில் மூன்று வேகத்தடை வேறு. பழைய கார் தரையோடு தரையாக இருக்கும், ஒவ்வொரு தடையிலும் நண்டு மாதிரி சாய்ந்து சாய்ந்துதான் ஏறி இறங்கும். முக்கில் ஒரு உறுமல் உறுமி இரண்டாவது கியருக்கு வந்தால், பிறகு வீட்டு வாசலுக்கு இரண்டு நிமிடம் ஆகும். மின்சாரக் கார் உயரம். பேசாமல் வந்து சேர்ந்துவிட்டது.

கேட் மூடியிருந்தது.

அதைப் பார்த்ததும் ஏழாயிரத்துக்கு எரிச்சல் வந்தது. பதினோரு வருடமாக, காலையில் போகும்போது அவரே கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு போவார், மூடுவதற்கென்று இறங்க மாட்டார். சாயங்காலம் வரும்போது திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு மலையிலிருந்து திரும்பினாலும் திறந்திருக்கும். ஏழு மணி வரை திறந்து வைக்கும்படி வீட்டுச் சொந்தக்காரர் ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார் என்று அவரே ஒரு கதையை முடிவு செய்துகொண்டிருந்தார். தானாகத் திறந்து கிடக்கும் கேட் இந்த உலகத்தில் எங்காவது உண்டா என்று ஒருநாளாவது யோசிக்க வேண்டாமா? லிஃப்டில் எந்தக் கதவை எது திறக்கிறது என்று அக்குவேறு ஆணிவேறாகச் சொல்கிற மனிதர்!

இறங்கி, முட்டி முணுமுணுக்க, இரும்புக் கேட்டைத் தண்டவாளத்தில் தள்ளித் திறந்தார். செவ்வாயும் மூடியிருந்தது. புதனும் அப்படித்தான். "யாரோ மூடச் சொல்லிட்டாங்க போல" என்று சொல்லிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. ரப்பர் ஷூவில் படியேறி, கதவைத் திறந்து, சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனார்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் அந்த விஷயத்தில் யாருக்கும் பாரபட்சம் காட்ட மாட்டார். கனம் அதிகம். பேட்டரியின் பாரம் முதல் நான்கு வளைவில் முன் டயர்களில் தெரிந்தது. கூடுதல் வேகத்தில் நுழைந்தால் வெளிப்பக்கம் தள்ளப் பார்த்தது. ஆனால் அந்தப் பாரம் முழுக்க அடியில் கிடந்ததால் வண்டி சாயவில்லை. ஐந்தாவது வளைவிலிருந்து அதன் குணம் பிடிபட்டது. மெதுவாக நுழைய வேண்டும், சீக்கிரமாக அழுத்த வேண்டும். காலை எடுத்தாலே வேகம் குறைந்தது, நல்ல லிஃப்ட் மாடியில் வந்து நிற்கிற மாதிரி. இடது காலுக்கு வேலையே இல்லை, அது பாட்டுக்குத் தூங்கியது. ஏற்றத்தில் பேட்டரி மளமளவென்று இருபது சதவீதம் கரைந்தது உண்மை. இப்படி ஓட்டினால் விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் பாதிதான் கிடைக்கும். வாரம் பூராவும் அலுவலகத்துக்கும் கட்டடங்களுக்கும் போய்வருகிற ஆளுக்கு அது போதும். இறக்கத்தில் ஏழு சதவீதம் அதுவே திருப்பி எடுத்துக்கொள்ளும்.

உச்சியில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார். பதின்மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.

பதினெட்டு விநாடி! பன்னிரண்டு வருடமாக ஒரு விநாடிக்கும் இரண்டு விநாடிக்கும் நாயாய் அலைந்தவருக்குப் பதினெட்டு விநாடி. பென்சிலை எடுத்தார். இது தன் வண்டி இல்லை, எழுதக் கூடாது என்று நினைவு வந்து திரும்ப வைத்தார்.

ஃபிளாஸ்கைத் திறந்தார். டிக், டிக் என்று எதுவும் கேட்கவில்லை. கார் செத்த மாதிரி நின்றது. தன் மூச்சு தனக்கே கேட்டது. காபியை விழுங்குகிற சத்தம் கூடக் கேட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மகளுக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்கப்பா, முட்டி எப்படி இருக்கு?"

"அது கிடக்கு. புது வண்டியில மலை ஏறினேன். பதிமூணு அம்பத்திரண்டு. தெரியுமா, பதினெட்டு செகண்ட் கம்மி. இருபத்தி மூணு வளைவுலயும் கால் கிளட்ச்சைத் தேடவே இல்ல. எனக்கே நம்ப முடியல."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழும் சத்தம், தட்டு விழும் சத்தம்.

"அப்பா, சாரிப்பா. இவன் பாலைக் கொட்டிட்டான். என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

"சரிப்பா, அப்புறமா கூப்பிடறேன்."

பாவம், அவள் என்ன செய்வாள். கைக்குழந்தைக்காரி. ஏழாயிரம் மிச்சக் காபியைப் புல்லில் ஊற்றிவிட்டுத் திரும்பினார்.

ஒன்பதரைக்கு வீட்டு வாசலில் கேட் மூடியிருந்தது. அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. தான் எங்கே போனோம், எப்போது வந்தோம், வந்தோமா என்பதே உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது என்று தோன்றியது. இது புதிதா என்ன, பதினோரு வருடமாக இப்படித்தானே இருக்கிறோம் என்று தன்னைத்தானே அதட்டினார். அதட்டல் எடுபடவில்லை. இந்த ஒரு வாரமாகத்தான் இது நெஞ்சை அடைக்கிறது. ஏன் என்று தேடினார். வண்டிதான் காரணம் என்று முடிவு செய்தார். சத்தம் இல்லை, துணை இல்லை. பதினெட்டு விநாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாக்கு வழிக்கவா?

திங்கட்கிழமை ஷோரூமில் சாவியை மேசை மேல் வைத்தார்.

"வண்டி எப்படி சார்?"

"குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா. என் வண்டியைவிட வேகம். என் முட்டிக்கும் நல்லது. ஆனா வேண்டாம்."

"ஏன் சார்?"

"சத்தம் இல்ல."

அவள் கேலி செய்யவில்லை. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உங்க பேர்லயே வெச்சிருக்கேன் சார். இன்னிக்கு உங்க வண்டியிலயே போய்ட்டு, நாளைக்குச் சொல்லுங்க."

பழைய காரில் ஏறினார். முதல் கிளட்சிலேயே முட்டியில் ஊசி இறங்கியது. வீட்டுக்குப் பன்னிரண்டு சிக்னல். ஏழாவது சிக்னலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியிலா வேறெதிலா என்று அவரைக் கேட்டால் வலியில் என்றுதான் சொல்வார். இதுதான் கடைசித் தடவை, நாளை முதல் பஸ் என்று நினைத்தார். ரொட்டிக் கடை முக்கு வந்ததும், கடைசி மரியாதையாக, ஏழாயிரம் வரை உறுமவிட்டு இரண்டாவது கியருக்கு இறக்கினார். தெரு அதிர்ந்தது. மூன்று தடைகளையும் நண்டு மாதிரி ஏறி இறங்கி வாசலுக்கு வந்தார்.

கேட் பாதி திறந்திருந்தது. மீதிப் பாதியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார் கணக்கு டீச்சர். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மூச்சு வாங்கியது.

ஏழாயிரம் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "டீச்சர், நீங்க எதுக்கு..."

"நீங்க காலி பண்ணலையா?" என்றார் டீச்சர்.

"காலியா? நானா?"

"போன திங்கள்லேர்ந்து உங்க வண்டிச் சத்தம் இல்ல. மேல வேற ஒரு நடை. மெத்து மெத்துன்னு. வாசல்ல வேற ஒரு வண்டி. சரி, நீங்க காலி பண்ணிட்டுப் போய்ட்டீங்க, புதுசா யாரோ வந்திருக்காருன்னு நினைச்சேன். சத்தமே போடாத மனுஷன், தங்கமான ஆளு போலன்னு கூட நினைச்சேன்." கேட்டின் மேல் சாய்ந்துகொண்டார். "ஆனா பதினோரு வருஷம் இருந்துட்டு, போறப்ப ஒரு வார்த்தை சொல்லலையேன்னு இருந்துச்சு. வருத்தமாத்தான் இருந்துச்சு சார். அந்தப் புது ஆளைக் கேக்கலாம்னு மூணு தடவை படி வரைக்கும் வந்தேன். இடுப்பு ஏற விடல."

"அது நான்தான் டீச்சர்," என்றார் ஏழாயிரம். "அந்தப் புது ஆளு நான்தான்."

டீச்சர் அவருடைய ஷூவைப் பார்த்தார், முட்டி உறையைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். ஏழாயிரமும் சிரித்தார், ஆனால் நடுவில் சிரிப்பு நின்றுவிட்டது. வேறொன்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டீச்சர், தினமும் இந்தக் கேட்டைத் திறக்கறது..."

"பின்ன, அதுவா திறந்துக்குமா? காலையில நீங்க திறந்து போட்டுட்டுப் போறதை மூடறதும் நான்தான். ஏழாம் கிளாஸ் பையன் கூடக் கேட்டிருப்பான் இதை." கணக்கு டீச்சரின் குரல் வந்துவிட்டது. "இடுப்பு ஆபரேஷன் ஆனப்போ, சாயந்திரம் வாசல் வரைக்கும் நடக்கணும்னு சொன்னாங்க. எனக்கு நேரம் தெரியாது. நீங்க முக்குல திரும்பறப்போ ஊரையே எழுப்பறீங்களா, யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னேன்னு, அதையே வெச்சுக்கிட்டேன். நீங்க அந்த மூணு மேட்டையும் தாண்டி வர்றதுக்குள்ள திறந்துட்டு உள்ள போயிடலாம். கணக்கு சரியா இருக்கும்."

"திறந்துட்டு ஏன் உள்ள போயிடறீங்க?"

"நின்னா நீங்க தேங்க்ஸ் சொல்லணும். உங்களுக்கு அதெல்லாம் கஷ்டம்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியும்."

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"இந்தக் கட்டடத்துல நாலு வீடு," என்றார் டீச்சர், செருப்பில்லாத காலை மற்றக் கால் மேல் வைத்துக்கொண்டு. "சாயந்திரமானா திரும்பி வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான். எனக்கு வர்றதுக்கு யாரும் இல்ல. வர்ற ஒருத்தர் வர்றப்போ கேட்டு மூடியிருந்தா நல்லாவா இருக்கும்?"

பதினோரு வருடத்துக்கு எத்தனை சாயங்காலம் என்று ஏழாயிரம் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். யாருக்கும் தெரியாமல் வந்து யாருக்கும் தெரியாமல் படுக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், முக்கு திரும்பும்போதே ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டு எழுந்திருக்கிறார். அவர் ஒருநாள் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, முட்டியைப் பற்றியும், டாக்டர் சொன்னதைப் பற்றியும், ஒரு வார வண்டியைப் பற்றியும் சொன்னார். பதினெட்டு விநாடியையும் சொன்னார்.

"பதினாலு பத்துலேர்ந்து பதிமூணு அம்பத்திரண்டா?" என்றார் டீச்சர். "ரெண்டு சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கே. பன்னெண்டு வருஷம் முக்கி முனகினவருக்கு அது பெரிசுதான். அப்புறம் ஏன் வேண்டாம்னீங்க?"

"சத்தம் இல்ல டீச்சர்."

"சத்தம் உங்களுக்கா வேணும்? கேட்டுக்குத்தான வேணும்?"

அவர் திரும்பித் தெரு முக்கைப் பார்த்தார்.

"ஹாரன் அடிக்கறேன்னு சொல்லிடாதீங்க," என்றார் டீச்சர். "அடிச்சீங்கன்னா நான் வர மாட்டேன். வேலையாளைக் கூப்பிடற மாதிரி இருக்கும். முக்குல வந்து ஒரு மிஸ்டு கால் குடுங்க. எடுக்க மாட்டேன், கட் பண்ணிடுங்க. அது போதும்."

பதினோரு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள் அப்போதுதான் போன் நம்பர் பரிமாறிக்கொண்டார்கள். டீச்சர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, இவர் எழுதிக்கொண்டு, டீச்சர் கேட்டதும் திருப்பிச் சொல்லி, பாஸ் வாங்கினார்.

மறுநாள் காலை ஷோரூமுக்குப் போன் போட்டார். "அந்த வண்டியை எடுத்துக்கறேன்ம்மா."

"சத்தம் இல்லன்னு சொன்னீங்களே சார்?"

"அதுக்கு வேற ஏற்பாடு பண்ணியாச்சு."

வண்டி கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் பஸ்ஸில் வந்தார், கேட்டைத் திறக்க வேலை இல்லை. பத்தாம் நாள் சாயங்காலம், புது வண்டியில், ரொட்டிக் கடை முக்கில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரம்கட்டி நிறுத்தினார். கடைக்காரர் ரொட்டி வேண்டுமா என்று எட்டிப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். ஒரு தடவை அடித்தது. இரண்டாவது தடவை அடிக்கும்போது துண்டிக்க வேண்டும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தார்.

"ஹலோ," என்றது குரல்.

எடுக்க மாட்டேன் என்றுதானே பேச்சு? ஏழாயிரம் திகைத்துப்போனார். என்ன சொல்வது? கேட்டைத் திறங்கள் என்றா? அது நன்றாக இருக்காது. நான்தான் என்றா? யார் நான்? ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. பதினோரு வருடமாகப் புழங்காமல் கிடந்த வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு இரண்டு தடவை செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

"டீச்சர்," என்றார். "வந்துட்டேன்."

"சரி, வாங்க," என்றார் டீச்சர்.